கோபத்தை விட்டுவிடாதே, தம்பி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
11.6.2001

ஜினாய நம:

அன்புத் தம்பி ஜினேந்திரனுக்கு, அக்கா பத்மினி ஆசி கூறி எழுதுவது. நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? அந்த ஊர்க் காற்றில் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

போன ஞாயிறு நீ டென்மார்க்கிலிருந்து போன் செய்தபோது வெறும் ‘உம்’ போட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போன் ஹாலில் இருக்கிறது. அதன் பக்கத்து நாற்காலி அப்பாவுடையது. காது மந்தமாகிவிட்டாலும் என் உதட்டையும் முகத்தையும் பார்த்தே பேச்சைக் கண்டுபிடித்துவிடுகிறார். அதனால் விஷயம் என்று ஏதாவது இருந்தால் கடிதம்தான். கலெக்டர் ஆபீஸில் டைப் அடித்துக் கை ஓய்ந்த பிறகு, சாப்பாட்டு வேளையில் இதை எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் இப்போது பத்து மணிக்குத்தான் பொழுது சாய்கிறது என்றாயே, அதைக் கேட்டு உன் மாமாவுக்குப் பொறாமை. ‘ஜைனனாப் பொறந்தா அங்க பொறக்கணும். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்னாலும் ராத்திரி பத்து வரைக்கும் சாப்பிடலாம்’ என்கிறார். குளிர்காலத்தில் மூன்றரைக்கே இருட்டிவிடும் என்று நான் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி நீ கேட்க மாட்டாய். கேட்காவிட்டாலும் எழுதுவேன். கால் கொஞ்சம் வீங்குகிறது. எழுபத்திரண்டு வயதுக்கு அது பெரிய விஷயம் இல்லை. சர்வேயராக இருந்த காலத்து ஆட்களை இப்போது தேடித் தேடிப் போய்ப் பார்க்கிறார். போன வாரம் செங்கம் ரோட்டில் அருணகிரி வீட்டுக்கு ஆட்டோவில் போனார். வேலித் தகராறில் அப்பாவை மண் வாரித் தூற்றியவர் அல்லவா அவர்? என்ன பேசினார்களோ தெரியாது. அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டோ வரை வந்து ஏற்றிவிட்டாராம்.

ஊரான் ஊரானோடெல்லாம் பேசுகிறார். நீ ஒருவன் அவரோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை எழுதேன், தம்பி. எனக்காக.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
பத்மினி

*

டென்மார்க்
28.6.2001

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இருமல் போய்விட்டது. மாமாவுக்கு என் வணக்கம். ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டில் அவரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம், டிக்கெட் மட்டும் அவர் செலவு.

அவரைப் பற்றி எழுதாதே என்று எத்தனை தடவை சொல்வது? அம்மா செத்த அன்று நான் போன் செய்தேன். ‘அம்மா கோயிலுக்குப் போயிருக்கா’ என்று நீ சொன்னாய். பக்கத்தில் நின்று சொல்ல வைத்தது அவர். என் பரீட்சை கெட்டுவிடக் கூடாதாம். பன்னிரண்டு நாள் கழித்து, சாம்பல்கூட ஆறிய பிறகு எனக்குக் கடிதம் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்து நான் இங்கே சிரித்துக்கொண்டு திரிந்தேன். உன்னை மன்னித்தேன், நீ பயந்தவள். அவர் பயந்து செய்யவில்லை.

இதை விடு. நான் இங்கே என்னதான் செய்கிறேன் என்று ஆபீஸில் கேட்கிறார்களாமே. சொல்கிறேன். ஓர் எஃகுப் பெட்டி. உள்ளே காற்று கிடையாது. அதற்குள் ஊசித் துளை வழியாக ஒரு வாயுவைப் பாய்ச்சுகிறோம். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் கண்ணுக்கு எட்டாத குச்சி என்று வைத்துக்கொள். ஒரு நுனியில் அயோடின். கோடிக்கணக்கான குச்சிகள் ஆளுக்கொரு பக்கம் கரணம் அடித்துக்கொண்டு பறக்கும். லேசரைப் பாய்ச்சினால், அந்த ஒளியின் மின்புலம் எந்தக் கோட்டில் ஆடுகிறதோ அந்தக் கோட்டிலேயே எல்லாம் வந்து நிற்கும். தீபக் கூட்டத்தில் போலீஸ்காரர் கயிறு கட்டுகிறாரே, அந்த வேலைதான். கயிறு இருக்கும் வரை வரிசை. அவிழ்த்தால் பழையபடி கூட்டம்.

நின்றதா இல்லையா என்று பார்க்க இன்னொரு லேசரால் அந்தக் குச்சிகளை உடைக்கிறோம். அயோடின் தெறித்துத் திரையில் விழும். எந்தப் பக்கம் தெறித்ததோ அந்தப் பக்கம் நின்றிருந்தது என்று அர்த்தம். இதற்குத்தான் நான்கு வருஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜினேந்திரன்

*

வேங்கிக்கால்
20.7.2001

ஜினாய நம:

தம்பிக்கு அக்காவின் அன்பு. நீ சுகமாக இருப்பதில் எங்களுக்கு சந்தோஷம். இங்கே வெயில் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.

உன் கடிதத்தில் லேசர் பகுதியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சத்தமாகப் படித்தேன். மேலே இருந்ததைப் படிப்பேனா? இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, ‘பாக்கணும்னா ஒடைச்சாகணுமா? அளக்கறவன் கையில பாவம் சேருமே’ என்றார். உயிர் இல்லாததுக்கு ஏது பாவம் என்றேன். ‘அது சரி’ என்று ஒப்புக்கொண்டு, சர்வேயர் புத்தி போகுமா, இன்னொன்று கேட்டார்: ‘கோட்டுல நிக்குதுனு சொல்றான். தல எந்தப் பக்கம் இருக்குதுனு சொல்லலயே. வடக்கு தெற்குனு கோடு கிழிச்சா போதாது, அம்பு எந்தப் பக்கம்னு போடணும்ல.’ எழுதிக் கேள் என்றார். கேட்டுவிட்டேன்.

வேலூருக்கு இந்த மாதத்தில் மூன்று முறை போய் வந்தோம். புடவை எடுக்கத்தான். அப்பாவும் கூட வந்தார்.

அவர் உன்னைக் கேட்காத நாள் இல்லை. ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடுவாய்? பிடிவாதத்தில் நீ அவரையே உரித்து வைத்திருக்கிறாய்.

எண்ணெய் தேய்த்துக் குளி.

அக்கா

*

டென்மார்க்
3.9.2001

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், பொறுத்துக்கொள். நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

தலை எந்தப் பக்கம் என்ற கேள்வி எங்கள் பேராசிரியர் கேட்கிற கேள்வி. அவரிடம் சொன்னபோது, ‘உன் அப்பா எந்தப் பல்கலைக்கழகம்?’ என்றார். தாலுகா ஆபீஸ் என்றேன். லேசர் தனியாகத் தலையைத் திருப்பாது. கோட்டில் நிறுத்தும், அவ்வளவுதான். பாதி தலை மேலே, பாதி தலை கீழே. எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்க்க, கூடவே நிலையான மின்புலம் ஒன்றும் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். தகடுகள் வைத்து நாங்கள் முயல்கிறோம், இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் ஒரு நாள் பிடித்து நிறுத்துகிற லேசரை மட்டும் அணைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலும் கீழுமாக இருந்த இரண்டு பொட்டும் கலைந்து ஒரே வட்டமாகிவிட்டது. அவற்றுக்கு அப்படி நிற்க வேண்டும் என்று ஆசையே இல்லை. நாம்தான் மின்சாரத்தைக் கொட்டிப் பிடித்து வைத்திருக்கிறோம். என் கோபமும் அதுதான், அக்கா. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் எழுந்து அதை ஏற்றி வைக்கிறேன். ஒரு நாள் ஏற்றாமல் விட்டால் அது தானாக இருக்காது என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. களைத்துப் போனேன்.

நேற்று முன்தினம் தசலட்சண பர்வம் முடிந்திருக்குமே. பத்து நாள் முடிந்ததும் ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் பொறுத்தருளக் கேட்பீர்கள். அதனால் இன்று அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். நான் அவரை முழு மனசோடு பொறுத்துவிட்டேன், அவரும் என்னைப் பொறுக்க வேண்டும் என்று. நீ ஜெயித்துவிட்டாய், போ.

அன்புடன்,
ஜினேந்திரன்

*

வேங்கிக்கால்
24.9.2001

ஜினாய நம:

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

நீ அப்பாவுக்குப் போட்டதாகச் சொன்ன கடிதம் வரவில்லை. தபாலில் எங்கோ போய்விட்டது போலிருக்கிறது. போனது நல்லதுக்குத்தான் என்று வைத்துக்கொள். இப்போது அவருக்கு எதுவும் எழுத வேண்டாம். அவர் மனநிலை சரியாக இல்லை. கோபம் அப்படி ஒரு நாளில் போகிற விஷயமா? மூன்று வருஷம் பொறுத்தவன் இன்னும் ஒரு வருஷம் பொறு. நான் சொல்லும்போது எழுதினால் போதும்.

வேறு விசேஷம் இல்லை. ஆபீஸில் வேலை ஜாஸ்தி.

அக்கா

*

டென்மார்க்
12.10.2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது.

ஜூன் மாதம் எழுது எழுது என்று உயிரை வாங்கினாய். எழுதினால், கோபத்தை விட்டுவிடாதே என்கிறாய். ‘மனநிலை சரியாக இல்லை’ என்றால்? என் மீது அவ்வளவு கோபமா அவருக்கு? இருக்கட்டும். அவர் ஏற்கிறாரா இல்லையா என்பது அவர் பாடு. நான் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

அதனால் அதே கடிதத்தை மறுபடி எழுதி, பதிவுத் தபாலில், அவர் கையெழுத்துப் போட்டு வாங்குகிற மாதிரி அனுப்பிவிட்டேன். இந்த முறை எங்கும் தொலையாது.

இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். பொங்கலுக்கு வருகிறேன். பாஸ்போர்ட் காலாவதி ஆகப் போகிறது, புதுப்பிக்க அனுப்பியிருக்கிறேன். வந்ததும் டிக்கெட். இங்கே குளிர்காலத்தில் மூன்றரைக்கே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்று மாமாவிடம் சொல். அவர் அனுதாபத்தை நேரில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஜினேந்திரன்

*

வேங்கிக்கால்
2.11.2001

ஜினாய நம:

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பூத்துக்கு மூன்று முறை போய் உன் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல முடியாது என்று திரும்பி வந்துவிட்டேன். இதை எழுதுகிறேன்.

வேலூருக்குப் போனது புடவைக்கு அல்ல. அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மே மாதமே இங்கே டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார், எங்களிடம் மறைத்துவிட்டார். வாரம் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். ‘வேணாம்’ என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஆகஸ்டில் மடத்துக்குப் போய், சல்லேகனை விரதம் எடுக்க அனுமதி கேட்டார். தீராத நோய் என்பதால் பெரியவர்களும் மறுக்கவில்லை. நம் வீடுகளில் கேள்விப்பட்ட விரதம்தான். முதலில் சோறு விட வேண்டும், அப்புறம் பால், அப்புறம் மோர்த் தண்ணீர், அப்புறம் வெந்நீர், கடைசியில் அதுவும் இல்லாமல், உயிர் தானாகப் பிரியும் வரை. கேள்விப்படுவது வேறு, நம் அடுப்பில் பால் மீந்து கிடப்பது வேறு.

ஆனால் அந்த விரதத்தைக் கசப்போடு தொடங்கக் கூடாது. யாருக்கு என்ன செய்தோமோ அவர்கள் எல்லோரிடமும் பொறுத்தருளக் கேட்டு, அவர்கள் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான். அதற்காகத்தான் ஆட்டோவில் போனார், தம்பி. தன் பழைய அளவைப் புத்தகத்தில் நாற்பத்தொரு பேரை எழுதி, ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அடித்தார். அருணகிரி, மூர்த்தி, தருமன், எல்லோரும் பொறுத்துவிட்டார்கள். ஒரே ஒரு பெயர் அடிபடாமல் நின்றது. உன் பெயர்.

செப்டம்பரில் உன் கடிதம் வந்தது. பிரித்துப் படித்தேன். பெற்ற பிள்ளை அப்பாவுக்கு எழுதியதைப் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்தேன். உன் கோபம் இருக்கும் வரை அப்பா சாப்பிடுவார். இதைத் தவிர என் கையில் வேறு எதுவும் இல்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ படிப்பை விட்டு ஓடி வருவாய், வந்தால் அவர் முகத்தைப் பார்த்து அழுவாய், அழுதால் பொறுத்தாகிவிட்டது. என்ன சொல்லி உன்னைத் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவுத் தபால் நான் ஆபீஸில் இருந்தபோது வந்தது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். சாயங்காலம் நான் வந்தபோது புத்தகம் திறந்திருந்தது. உன் பெயரை ஸ்கேல் வைத்து அடித்திருந்தார். ‘கொழந்த பொறுத்துட்டாம்மா’ என்றார். அடுத்த திங்கட்கிழமை சோற்றை விட்டார்.

தம்பி, நீ ஒன்று செய்ய வேண்டும். பொறுக்கவில்லை என்று எழுது. முந்தினது பொய் என்று எழுது. அசிங்கமாகத் திட்டு. அவர் மனசில் கசப்பு ஏறினால் விரதம் நிற்கும். பாவம் என் தலையில் இருக்கட்டும். சீக்கிரம்.

பத்மினி

*

டென்மார்க்
13.11.2001

அக்கா,

காலையில் உன் கடிதம் வந்ததும் போன் செய்தேன். நீ அவர் கையில் கொடுத்தாய். ‘அப்பா, அப்பா’ என்று கத்தினேன். ‘காது கேக்கலப்பா. நல்லா இரு. எழுது’ என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்று வருஷத்தில் கேட்ட முதல் குரல் அது.

என் பாஸ்போர்ட் இங்கே இல்லை. கேட்டேன், கெஞ்சினேன். இன்னும் நான்கு வாரம் ஆகுமாம். உன்னைப் பார்க்க ஆசைப்பட்டு நானே அனுப்பி வைத்தது. முட்டாள். பெட்டிக்குள் கோடிக்கணக்கில் நிறுத்தி வைக்கிறேன், என்னை நான் ஒரு ஊர் நகர்த்த முடியவில்லை.

உன் மீது கோபப்பட வேண்டும் என்று பார்க்கிறேன். வரவில்லை. உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நீ கேட்டதைக் கூட வைத்திருக்கிறேன். ஐந்து தரம் கிழித்து எழுதினேன். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. கூரியரில் அனுப்புகிறேன்.

ஜினேந்திரன்

*

13.11.2001

திரு. தரணேந்திரன் அவர்களுக்கு,

நான் உங்களைப் பொறுக்கவில்லை. முந்திய கடிதம் பர்வத்துக்காக எழுதிய சடங்குக் கடிதம். அதில் ஒரு வார்த்தையும் மனசிலிருந்து வரவில்லை.

என் அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்காமல் செய்தவர் நீங்கள். நாற்பது வருஷம் ஊரான் நிலத்தை முழம் பிசகாமல் அளந்தீர்கள். பெற்ற பிள்ளைக்கு அவன் அம்மாவிடம் எவ்வளவு பங்கு என்று அளக்கத் தெரியவில்லை. பரீட்சையில் பாஸ் செய்தேன். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் வாந்தி வருகிறது.

என்னிடம் தீர்க்காமல் நீங்கள் எங்கேயும் போக முடியாது. நான் வந்து உங்கள் முகத்துக்கு எதிரே நின்று கேட்கும் வரை நீங்கள் இருந்தாக வேண்டும். அதுவரை நீங்கள் எடுக்கிற எந்த விரதமும் பொய் விரதம்.

ஜினேந்திரன்

*

(தபாலில் சேர்க்காத கடிதம்)

வேங்கிக்கால்
20.12.2001

ஜினாய நம:

தம்பி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. போனில் ‘அப்பா போய்ட்டாருடா’ என்றதற்கு மேல் எனக்கு வரவில்லை. விவரமாக எழுது என்றாய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் நவம்பர் இருபதாம் தேதி வந்தது. அப்போது மோர்த் தண்ணீரில் இருந்தார். உடம்பு இளைத்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. தெரிந்தேதான் காதருகே உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ‘இன்னொரு தபா படி’ என்றார். படித்தேன்.

அவர் நம்பிவிட்டார், தம்பி. ஒரு வார்த்தைகூடச் சந்தேகப்படவில்லை. எழுத்தில் இருந்தால் அதுதான் உண்மை என்று சர்வீஸ் முழுக்க இருந்தவர். ‘அவன் சொல்றது நியாயம்தான். நான்தான் அவசரப்பட்டு அடிச்சிட்டேன்’ என்று புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, கடைசியில் உன் பெயரை மறுபடி எழுதினார். பிறகு, ‘வெரதம் கெட்டுப் போச்சும்மா. கஞ்சி இருந்தா குடு’ என்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். கஞ்சியில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை, அவ்வளவு சந்தோஷம். எடுத்த விரதத்தை முறிப்பது நமக்கு எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரியும். அதை அவரைச் செய்ய வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று சிரித்தேன்.

தீபம் முடிந்து கூட்டம் கலைந்த மறுநாள் வேலூரில் சேர்த்தோம். மெஷின் போட்டார்கள். உடம்பு தாங்கவில்லை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாமல், உட்காரவும் முடியாமல் பதினாறு நாள். தினமும் ஒரே கேள்விதான். ‘அவன் எப்ப வரான்? வந்து திட்டட்டும். திட்டி முடிச்சா நான் போறேன்.’ உனக்குச் சொல்லவில்லை. ‘அப்படியேதான் இருக்காரு’ என்று மாமா உன்னிடம் போனில் சொன்னதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பேன். சொன்னால் மறுபடி விரதம் தொடங்கிவிடுவார் என்று மூடிக்கொள்வேன். பதினாறு நாளும் இதையே செய்தேன். கடைசி நாள் டாக்டர் கையை விரித்த பிறகுதான் காதில் கத்தினேன். ‘அவன் கோபமா இல்லப்பா. எப்பவோ பொறுத்துட்டான். நான்தான் அப்பிடி எழுதச் சொன்னேன், நான்தான்.’ வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் எப்போதும் போல என் உதட்டைப் பார்த்தார். எனக்கு அழுகையில் வாய் கோணிக்கொண்டு போனது. என்ன படித்திருக்க முடியும்? ‘சத்தம் போடாதம்மா. பக்கத்துப் பெட்டுக்காரர் தூங்கறார்’ என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

தெளிந்த முகத்தோடு வீட்டிலேயே போயிருப்பார், தம்பி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து

*

வேங்கிக்கால்
21.12.2001

ஜினாய நம:

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் தேறி வருகிறோம்.

போனில் என்னால் பேச முடியவில்லை. விவரமாக எழுதச் சொன்னாய். உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடித்ததும், ‘பொய் எழுதத் தெரியல இவனுக்கு. இவ்ளோ கோவக்காரன் எதுக்குக் கூரியர்ல போடறான்’ என்று சிரித்தார். நீ பொறுத்தது பொறுத்ததுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விரதத்தைத் தொடர்ந்தார். வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே. வலி இல்லை. நான் காதில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு அணைகிற மாதிரி போனார்.

நீ எதை நினைத்தும் வருந்த வேண்டாம். பாஸ்போர்ட் வந்ததும் ஓடி வராதே, இனி அவசரம் இல்லை. வேலையை முடித்துக்கொண்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பத்மினி

*

டென்மார்க்
6.1.2002

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். பொய் இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் நன்றாக இருக்கிறேன்.

அந்தத் திட்டுக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் அதை நம்பிவிட்டால்? அந்த வார்த்தைகளோடு போய்விட்டால்? ஒன்றரை மாதமாக இதே நினைப்பு. சோதனைச் சாலையில் ஒரு கண்ணாடியை உடைத்தேன். பேராசிரியர் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் டிசம்பர் பதினெட்டாம் தேதி வந்தது. அப்பா போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. நம்பவில்லை, அவர் நம்பவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? நேற்றுதான் மறுபடி வேலைக்குப் போனேன். இப்போது லேசரை நீளமாகப் பிடித்து வைக்காமல், ஒரே வெட்டாக மின்னி அணைத்துவிடுகிறோம். ஒளி போன பிறகு எல்லாம் கலைந்து, கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பிடிக்காமலே ஒரு கணம் தானாக வரிசைக்கு வருகின்றன. முதல்முறை திரையில் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சோதனை ஜெயித்ததற்கு அழுகிறேன் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

ஏப்ரலில் வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், அக்கா. அப்பா சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அவர் சிரித்து நான் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு நாளாகக் கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன், அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை. பல் தெரிந்ததா? உதட்டோடு நின்றுவிட்டதா? சத்தம் வந்ததா? நீதானே பக்கத்தில் இருந்தாய். ஒன்று விடாமல் எழுது.

அன்புடன்,
ஜினேந்திரன்